போனவர்களின் பொருள், இருப்பவர்களின் ஊர்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடைகளும் கலைக்கூடங்களும் மிளகுக் கிடங்குகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வாங்கவும் வேடிக்கை பார்க்கவும் போகிறவர்கள், அங்கே வாழ்கிறவர்களையும் கண்டுவிட்டு வர வேண்டும்.

தூக்குவாளியைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாக அதன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தது. நம் வீட்டுப் பித்தளை என்றால் அங்கே பெயர் வெட்டியிருக்கும். இதிலும் இருந்தது. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய தமிழ் எழுத்துகள்: மு. ராம. சொ. செட்டிநாட்டுப் பக்கம் பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முன்னோர் பெயர்களை வரிசையாக அடுக்கிய தலைப்பெழுத்து அது. எந்தப் பெண்ணுக்கோ சீர் வைத்தபோது, யார் வீட்டுப் பந்திக்குப் போனாலும் வாளி திரும்பி வர வேண்டும் என்று வெட்டிய பெயர். அந்த வாளி இப்போது கொச்சியில், யூதர் தெருக் கடையொன்றில், கை உடைந்த நாற்காலிக்கும் ரவிவர்மா அச்சுப் படத்துக்கும் நடுவே விலைச்சீட்டோடு தொங்குகிறது. திரும்பிப் போக அதற்கு வீடு இல்லை.

வாளியை நான் வாங்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகள் மட்டாஞ்சேரியில் இருந்த நாள்கள் முழுவதும் கூடவே வந்தன. எந்தக் கடையில் எதைத் தொட்டாலும் இது யார் வீட்டில் இருந்தது, ஏன் வெளியே வந்தது என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தெரு தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறது.

வெள்ளம் திறந்த துறை

பரதேசி யூத ஆலயத்தில் போய் முட்டி நிற்கும் சந்தும், அதை ஒட்டிய யூதர் நகர் சாலையும்தான் மொத்தத் தெருவும். நிற்காமல் நடந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிற்காமல் நடப்பதுதான் முடியாது.

1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண்ணால் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதிய வாயைத் திறந்தது என்பார்கள். சங்கப் புலவர்கள் பாடிய முசிறியின் வணிகம் மெல்ல மெல்ல இங்கே இறங்கியது. மிளகைத் தேடி வந்தவர்களுக்குப் பின்னால் மிளகைக் கட்டுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், சமைக்கிறவர்கள் வந்தார்கள். கோவாவில் போர்ச்சுக்கீசியர் நெருக்கியபோது தப்பி வந்த கொங்கணிகள் திருமலைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்ந்தார்கள். குஜராத்தி வணிகர்களும் சமணர்களும் ஒரு தெருவைத் தமதாக்கினார்கள். கச்சி மேமன்கள், தக்கனி பேசும் முஸ்லிம்கள், தமிழ்ப் பிராமணர்கள், தமிழ் வண்ணார்கள் என்று அந்தச் சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்வதாக ஊரார் சொல்கிறார்கள்.

யூதர்களின் வருகை இதற்கெல்லாம் முந்தியது. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு இந்த ஆலயத்தின் சொத்து. அது வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல், தமிழகக் கல்வெட்டுகளிலும் கடல்வணிகர் குழுவின் பெயராக வருகிறது. யூதர் தெருவின் மூல ஆவணத்தை ஒரு தமிழ் வாசகன் அந்நியமாக நின்று பார்க்க வேண்டியதில்லை.

ஆலயம் 1568-ல் எழுந்தது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்ததால், அரண்மனைக் கோயிலும் யூத ஆலயமும் பக்கத்து வீட்டுக்காரர்களாக நிற்கின்றன. உள்ளே தரை முழுக்கச் சீனத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த நீலவண்ண ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் நடக்க வேண்டும். எசேக்கியேல் ரஹாபி என்ற வணிகர் 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு ஓர் எண் வரிசை. தொழ வந்தவருக்கும், சரக்கெடுக்க வந்தவருக்கும், அரண்மனையில் இருந்தவருக்கும் அவரவர் எழுத்திலேயே நேரம் தெரிந்தது.

கலைந்த வீடுகள்

இந்தத் தெருவில் முன்பு பழம்பொருள் விற்கவில்லை. கீழே மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய கிடங்கு, மேலே குடும்பம் என்று இருந்த வீடுகள் இவை. மிளகுக்கான முன்பேர வர்த்தகம் 1957-ல் இங்கேதான் தொடங்கியது. இன்றும் சில கதவுகளைத் திறந்தால் சுக்கின் காரம் மூக்கில் ஏறுகிறது.

1948-ல் இஸ்ரேல் பிறந்தபின், குறிப்பாக 1950-களில், கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. நூற்றாண்டுகளாகக் கனவில் இருந்த நாடு கைக்கெட்டியதும் போனார்கள். கட்டிலையும் அலமாரியையும் கொண்டு போக முடியுமா? அவை இங்கேயே கைமாறின. மெல்ல மெல்லக் கிடங்குகளின் கீழ்த்தளம் கடையானது.

கடைக்குச் சரக்கு அதோடு நிற்கவில்லை. கேரளத்தில் 1970-ல் நிலச் சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்துக் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்து 1975-ல் சட்டம் வந்தது. தறவாடு எனும் பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள் பங்கு பிரிந்தன. ஐம்பது பேர் உண்ட வீட்டின் உருளியை நான்கு பேர் குடும்பம் எங்கே வைக்கும்? நெல்லே வராத வீட்டுக்குப் பத்தாயம் எதற்கு? நம் பக்கம் செட்டிநாட்டில் வேறு காரணம், அதே முடிவு. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் நகரத்தாரின் தொழிலும் பணமும் அங்கே சிக்கின. பிறகு ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள் ஆனார்கள். பர்மா தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து லாரி ஏறி மட்டாஞ்சேரிக்கும் வந்தன.

வீடு மட்டுமா, ஆலயமே பெயர்ந்து போனதுண்டு. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூத ஆலயம் 1544-ல் கட்டியது. தொழுவதற்கு ஆளில்லாமல் போனபின், அதன் செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கூரையும் உட்புறமும் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்று அங்கே மீண்டும் பொருத்தப்பட்டன. இங்கே நின்ற வெறும் சுவர்கள் கிடங்காகப் பயன்பட்டன. 2019 செப்டம்பர் மழையில் அவற்றின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஓர் ஆலயத்தின் உடல் இங்கே, அலங்காரம் அங்கே. காப்பாற்றினோம் என்று அங்கிருப்பவர்கள் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. இழந்தோம் என்று இங்கிருப்பவர்கள் சொன்னாலும் அதே அளவு நியாயம் உண்டு.

கடைக்குள்

பெரிய கடைகள் உள்ளே போகப் போக நீள்கின்றன. தெருவில் சிறிய வாசல், பின்னால் காயலைத் தொடும் பழைய கிடங்கு. நாழி, இடங்கழி, பறை என்று அளவு வாரியாக அடுக்கிய மரப் படிகள். மூக்கு நீண்ட கிண்டி. வெற்றிலைச் செல்லம். பித்தளைப் பூண் போட்ட ஆமாடப்பெட்டி. ஊறுகாய் போட்ட சீனப் பரணிகள். கோளாம்பி. பத்தாயம். நமக்குப் புதிய பெயர்கள் என்று இவற்றில் அதிகமில்லை. நாழியும் பத்தாயமும் தஞ்சாவூர்ப் பேச்சிலும் உண்டு. ஒரு கடையில் உலகிலேயே பெரியது என்று சொல்லப்படும் வார்ப்பு இருக்கிறது. விருந்துக்குப் பாயசம் காய்ச்சும் வாயகன்ற வெண்கலப் பாத்திரம்தான் வார்ப்பு. அதன் விளிம்பருகே நிற்கும்போது, கிண்டிக் கிளற எத்தனை கைகள் வேண்டியிருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது.

எல்லாமே பழையது என்று நம்பி வாங்கக் கூடாது. பழையது போலவே புதிதாகச் செய்யும் கைதேர்ந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். அந்த வேலையும் மதிப்புள்ளதே, அதற்குரிய விலையில் விற்றால். அடையாளம் காணச் சில வழிகள் உண்டு. மேசையின் மேற்பரப்பைப் பார்க்காமல் இழுப்பறையைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் சீரில்லாமல் ஓடும். இயந்திர வட்டவாள் வளைந்த கோடுகளை விட்டுப் போகும். தேய்மானம் கைபடும் இடத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடி முனை, கதவின் தாழ்ப்பாள் அருகு, பெட்டியின் மூடி விளிம்பு. எங்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. வெண்கல உருளியை விரல் கணுவால் தட்டினால் ஓசை நின்று கரைய வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த சிற்பம், ஓவியம், உலோகக் கலைப்பொருள் போன்றவை தொல்பொருள்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை விற்கக் கடைக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கோயில் சிலைகள் களவு போன கதைகளை நிறையக் கேட்டவர்கள் நாம். சாமி விக்கிரகத்தையோ கோயில் விளக்கையோ ஒருவர் தாழ்ந்த குரலில் காட்டினால், எந்த ஊர், யாரிடம் வாங்கியது, சீட்டு எங்கே என்று உரக்கக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் படியிறங்கிவிடுங்கள்.

கிடங்கில் நுழைந்த கலை

வணிகம் கைவிட்ட கட்டடங்களுக்குக் கலை உயிர் கொடுத்ததை இந்தியாவில் நேரில் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைவிழா தொடங்கியது. கேரளத்தில் பிறந்து மும்பையில் கலை பயின்ற ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் அதைத் தொடங்கினார்கள். புதிதாக மண்டபம் எதுவும் கட்டவில்லை. 1867-ல் தொடங்கிய ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் கடற்கரை வளாகம், பெப்பர் ஹவுஸ் என்ற மிளகுக் கிடங்கு, டச்சுக்காரர் கட்டிய டேவிட் ஹால் ஆகியவற்றைத் தூசு தட்டித் திறந்தார்கள்.

அந்த முதல் பினாலேயில் விவான் சுந்தரம், பட்டணம் அகழாய்வில் குவிந்த பானை ஓடுகளைத் தரையில் பரப்பி ஒரு நகரத்தையே எழுப்பினார். பட்டணம்தான் பழைய முசிறி என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. துறைமுகம் தொலைத்த துண்டுகள், அதன் வாரிசான துறைமுகத்தில் மீண்டும் ஊராயின. ஈழத் தமிழ்க் குடும்பத்தின் மகளான பாடகி எம்.ஐ.ஏ. தன் காட்சிப் படைப்புகளோடு வந்து அந்த விழாவில் பாடவும் செய்தார். 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டா, ஆஸ்பின்வாலின் ஒரு கிடங்குத் தரை முழுவதும் கடல் நீரை நிரப்பினார். சிரியாவிலிருந்து தப்பும்போது படகு கவிழ்ந்து இறந்த குழந்தை காலிப் குர்தியின் நினைவுக்கானது அந்தப் படைப்பு. சுவரில் இருந்த வரிகளைப் படிக்க வேண்டுமானால் நீரில் இறங்கி நடந்தே ஆக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டியவரும் காலணியைக் கையில் பிடித்த வெளிநாட்டவரும் ஒரே நீரில் நடந்தார்கள்.

மக்களின் பினாலே என்று அதை அழைக்கிறார்கள். பெயருக்குப் பொருள் இருக்கிறது. உள்ளூர்த் தச்சர்களும் பற்றவைப்பவர்களும் இல்லாமல் எந்தப் படைப்பும் நிமிர்ந்து நிற்பதில்லை. நவீன ஓவியம் என்றால் நமக்கெதற்கு என்று ஒதுங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே குடும்பம் குடும்பமாக வந்து, புரிந்ததைப் பேசி, புரியாததைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கூச்சமின்மையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடையில் கிடைக்காத வில்லை

எத்தனை கடை ஏறி இறங்கினாலும் என் கண்ணில் படாத ஒரு பொருள் உண்டு. அதன் பெயர் சாப்பா. துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலைக்கான உலோக வில்லை. விடியற்காலையில் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் மேல் கங்காணிகள் வில்லைகளை வீசுவார்கள். பாய்ந்து, விழுந்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பிடித்தவருக்கு அன்று வேலை. பிடிக்காதவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

அந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற மூவரைத் தியாகிகளாக ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த வரலாறு நாடகமானது. அதிலிருந்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் 2023-ல் வெளியானது.

வார்ப்பைக் கடை பாதுகாக்கிறது, அதைத் தூக்கி வந்தவரின் வில்லையை யார் பாதுகாக்கிறார்கள்? ஏழை வீட்டுப் பொருள் தேயும்வரை பயன்பட்டு, தேய்ந்தபின் எடைக்குப் போய்விடும். பழம்பொருள் கடை எப்போதும் இருந்தவர் வீட்டுக் கதையைத்தான் சொல்லும். இல்லாதவர் கதைக்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும்.

மாலையின் மட்டாஞ்சேரி

அதற்கு மாலை நேரம் நல்லது. குஜராத்தித் தெருவில் சமணக் கோயிலின் புறாக்கள் கூரைக்குத் திரும்பியிருக்கும். கொங்கணி வீடுகளின் முன்னால் அப்பளம் காய வைத்த பாயைச் சுருட்டியிருப்பார்கள். 'காயிக்கா' பிரியாணி என்று ஊரே அழைக்கும் ரஹ்மத்துல்லா ஓட்டலில் மதியமே சட்டி காலியாகியிருக்கும். மாடியறைகளில் ஆர்மோனியமும் தபேலாவும் கூடும். சரக்கோடு வடக்கிலிருந்து வந்த இசை இங்கே வேர்விட்டது. மலையாளத் திரைப்பாட்டின் செல்லக்குரல் மெஹ்பூப் இந்தச் சந்துகளில் பாடி வளர்ந்தவர். மலையாளத்தில் கஜல் பாட முடியும் என்று நிறுவிய உம்பாயியும் இந்த ஊர்க்காரர். 2018-ல் அவர் மறைந்தார். சுமை தூக்கிய தோள்கள் இரவில் தலையசைத்துத் தாளம் போட்ட ஊர் இது.

யூதர் தெருவில் ஒரு சிறிய கடை மட்டும் வேறு மாதிரியானது. சாரா கோஹன் தன் வீட்டு முன்னறையில் நடத்திய பூத்தையல் கடை அது. தொழுகைக்கு அணியும் கிப்பா தொப்பிகளையும், ஓய்வு நாளின் ரொட்டியை மூடும் துணிகளையும் அவர் தைத்தார். உறவுகள் இஸ்ரேலில் இருந்தன. அவர் போகவில்லை. முதுமையில் அவரைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2019-ல், 96 வயதில் அவர் மறைந்தார். அந்தக் குடும்பம்தான் கடையையும் கைவேலையையும் தொடர்கிறது. பரதேசி யூதப் பெண்களில் இங்கே கடைசியாக இருந்த குவீனி ஹல்லேகுவா 2024-ல் காலமானார். பத்து ஆண்கள் கூடாமல் முழு வழிபாடு நடத்த முடியாத ஆலயம் இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் காலடியோசையைத்தான் கேட்கிறது. ஆனால் அந்தக் கடையில் ஊசி நிற்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு கவலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரின் பெயர் பரவப் பரவ வாடகை ஏறுகிறது. வீடுகள் விருந்தினர் விடுதிகளாகின்றன. முன்பு கடல் கடந்து போனதால் வீடுகள் காலியாயின. இனி வாடகை கட்ட முடியாமல் காலியானால், அடுத்து கடைக்கு வருவது இன்று புழங்கும் பாத்திரங்களாகத்தான் இருக்கும். இந்த ஊரை ரசிக்க வருகிறவர்கள் நடுத்தெருக் கடைகளோடு திரும்பாமல் சந்துக்குள் போய்ச் சாப்பிட வேண்டும், உள்ளூர்க் கைவேலையை வாங்க வேண்டும், இரவுப் பாட்டுக்கு உட்கார வேண்டும். ஊர் உயிரோடிருக்க நம்மால் ஆனது அதுதான்.

குறி

கடைசி நாள் ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதிக்குப் போனேன். அங்கே தமிழ் வண்ணார்களின் சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுப் படையினரின் உடுப்பை வெளுக்க இவர்களின் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. குளக்கரைகளில் துவைத்தவர்களுக்கு 1976-ல் இந்தக் கூடம் எழுந்தது. வரிசையாகத் தொட்டிகள், துவைகல், கஞ்சிப்பசை போட்ட வெள்ளைத் துணிகள், கரி நிரப்பிய கனத்த இஸ்திரிப் பெட்டிகள். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து நிற்பது போலத் தோன்றாது. காதில் விழுவது தமிழ்.

முற்றத்தில் கொடி கட்டியிருந்தார்கள். இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிய கொடி. அந்த முறுக்கிலேயே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப் கிடையாது. கடல் காற்றில் அத்தனையும் படபடக்கின்றன, ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

காய்ந்த துணிகளை மடிக்கும் இடத்தில் ஒரு பெரியவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் புரட்டிப் பார்த்துத் தனித்தனிக் கட்டாகப் பிரித்தார். ஓரத்தில் அழியாத மையில் சிறிய சலவைக் குறி. புள்ளியும் கோடுமாக, வீட்டுக்கு ஒன்று. விடுதித் துணி, மருத்துவமனைத் துணி, கொங்கணி வீட்டு வேட்டி, மேமன் வீட்டு விரிப்பு எல்லாம் ஒரே தொட்டியில் நனைந்து, ஒரே கொடியில் காய்ந்து, குறியைப் பார்த்துப் பிரிகின்றன. என் கட்டைவிரலுக்கு அந்தத் தூக்குவாளியின் கழுத்து நினைவுக்கு வந்தது. அதுவும் புள்ளியால் வெட்டிய குறிதான். வீடு தெரிந்தவர் யாரும் இல்லாததால் அது கடையில் தொங்குகிறது.

பெரியவர் கடைசிக் கட்டைக் கட்டி முடித்தார். பையன் ஒருவன் சைக்கிளின் பின்னால் அத்தனையையும் ஏற்றிக்கொண்டான். எந்தக் கட்டு எந்த வீட்டுக்கு என்று அவன் யாரையும் கேட்கவில்லை.